மூளைக்கு யார் காவல்?



ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் உதவிப் பங்குக் குருவாகப் பணியாற்றி வந்த நாட்களில், ஓர் ஐப்பசி மாதத்து மாலையில் அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவுக்கு அழைக்கப்பட்டேன். நெல்வயல்கள் சூழ்ந்த எங்கள் கிளைக் கிராமத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், மூன்று நாள் காய்ச்சலுக்குப்பின் வலிப்புக் கண்டு நினைவிழந்து கிடந்தான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். செபித்துவிட்டு வெளியே வந்தபோது, தாழ்வாரத்துத் தூணோரம் அமர்ந்திருந்த அவனுடைய தாய் எழுந்து வந்து கேட்டார்:

"ஏன் சாமி, உடம்புக்குள்ள நோயை எதுக்கிற சக்தி இருக்குன்னு சொல்றாங்களே, அது மூளைக்குள்ள மட்டும் போகாதா? இல்லே, நான்தான் பிள்ளைக்குச் சத்தா ஒண்ணும் குடுக்காம விட்டுட்டேனா?"

பக்கத்துக் கட்டில்காரர் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார். சத்தில்லாத பிள்ளையைத்தான் இந்நோய் பிடிக்கும் என்று. குருமடத்தில் நான் கற்ற தத்துவமும் இறையியலும் அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு உதவவில்லை. "அப்படியெல்லாம் இல்லை, அம்மா" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லேயன்றி, அறிந்து சொன்ன சொல்லன்று. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு கேள்விகளும் என்னை விட்டு அகலவில்லை. கிடைத்த நூல்களைப் படித்தும், மருத்துவ நண்பர்களை நச்சரித்தும் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சற்றுக் கடினமான பொருள்தான், பொறுமையோடு படியுங்கள்.

முதலில் அச்சிறுவனைப் பற்றிய நோயை அறிந்துகொள்வோம். அதன் பெயர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். ஜப்பான் நாட்டில் 1924 இல் பெருமளவில் பரவி, 1935 இல் அங்கேயே அதன் வைரஸ் கிருமி பிரித்தெடுக்கப்பட்டதால் இப்பெயர் நிலைத்துவிட்டது. பெயர்தான் ஜப்பானுடையது, இந்திய நாட்டில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலில் இனங்காணப்பட்டது நமது வேலூரில்தான், 1955 இல். கொக்கு, நாரை, மடையான் போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் இக்கிருமி வாழ்கிறது. நெல்வயலில் தேங்கிய நீரில் பெருகும் ஒருவகைக் க்யூலெக்ஸ் கொசு, பறவையிடமிருந்து அதனைப் பன்றிக்குக் கொண்டு செல்கிறது. பன்றியின் உடலில் அது பன்மடங்காகப் பெருகுகிறது. அப்பன்றியைக் கடித்த கொசு மாலை மங்கியபின் மனிதனைக் கடிக்கும்போது நமக்கும் வந்து சேருகிறது. ஆனால் மனிதனோடு அதன் பயணம் முடிந்துவிடும். நோயுற்ற பிள்ளையைக் கடித்த கொசுவால் அது இன்னொருவருக்குப் பரவுவதில்லை; தொட்டாலும் ஒட்டுவதில்லை. அந்தக் குடும்பத்து வீட்டுக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப அண்டை அயலார் பல மாதங்கள் அஞ்சினார்கள் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இக்கிருமி உடலில் புகுந்தவர்களுள் ஏறத்தாழ இருநூற்றைம்பது பேரில் ஒருவருக்குத்தான் நோய் வெளிப்படுகிறது. ஏனையோர் லேசான காய்ச்சலோடு தப்புகிறார்கள். பலருக்கு அதுகூட இல்லை. அந்தச் சிறுவனோடு அதே வரப்பில் விளையாடிய பிள்ளைகள் பலரையும் அதே கொசு கடித்துத்தான் இருக்கும். அவர்களுடைய உடலின் எதிர்ப்பாற்றல், அவர்களே அறியாதபடி, கிருமியை இரத்தத்திலேயே மடக்கி அழித்துவிட்டது. நோய் கண்டவர்களுள்ளோ நூற்றுக்கு முப்பது பேர்வரை இறக்க நேரிடுகிறது. பிழைத்தவர்களுள் பலருக்குக் கையிலோ பேச்சிலோ அறிவிலோ குறை தங்கிவிடுகிறது. இரத்தத்தில் இத்தனை எளிதாக வெல்லப்படும் கிருமி, மூளைக்குள் போய்விட்டால் மட்டும் ஏன் இத்தனை கொடியதாகிறது?

அந்தத் தாய் கேட்டது இதைத்தான். விடை காண நூற்று நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1885 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் வெண்மையாகவே நின்றது. மூளைக்குச் சாயத்தைப் பற்றும் தன்மை இல்லை போலும் என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் என்பவர் 1913 இல் அதனைத் திருப்பிச் செய்து பார்த்தார். மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை நீலமாயிற்று. உடலின் ஏனைய பகுதிகள் வெண்மையாக நின்றன. ஆகவே இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு சுவர் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. மாணவன் ஆசிரியரைத் திருத்துவதும் அறிவுலகில் நடப்பதுண்டு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது? மூளைக்குள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரிலேயே இருக்கிறது. இக்குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடலின் மற்ற இடங்களில் இத்தகைய நுண்குழாய்களின் சுவர்களில் இடுக்குகள் உண்டு. நீரும், புரதமும், வேண்டும்போது வெள்ளணுக்களும் அவற்றின் வழியே எளிதாக வெளியே செல்லும். மூளையில் அவ்வாறில்லை. செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து நிரப்பியதுபோல, சுவரின் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே செல்லும். வேறு பெரும்பாலான பொருள்களுக்கு வாயிற்காவலனின் அனுமதி வேண்டும். நாம் விழுங்கும் மருந்துகளில் பல மூளைக்குள் எட்டாமற் போவதும் இதனால்தான்.

கிருமியைத் தடுக்கும் இதே சுவர், கிருமியை எதிர்க்க வருவோரையும் தடுக்கிறது.

இதனை வேறு விதமாகவும் சோதித்தார்கள். பிரிட்டனில் பீட்டர் மெடாவர் என்ற அறிஞர், பின்னர் நோபல் பரிசு பெற்றவர், 1948 இல் ஒரு முயலின் தோலை எடுத்து வேறொரு முயலின் மூளையில் ஒட்டினார். அயல் தோலை உடலின் வேறெந்த இடத்தில் ஒட்டினாலும் சில நாட்களில் எதிர்ப்பாற்றல் அதனைக் கருகச் செய்துவிடும். மூளையில் ஒட்டியதோ நிலைத்திருந்தது. ஆகவே மூளைக்கு எதிர்ப்பாற்றலே கிடையாது என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் மெடாவர் இன்னொன்றையும் செய்திருந்தார். மூளையில் ஒட்டுமுன் அதே தோலின் துண்டு ஒன்றை முயலின் உடலில் ஒட்டி, அதனைப் பகைப்பொருள் என்று எதிர்ப்பாற்றலுக்குப் பழக்கி வைத்தார். அவ்வாறு பழகிய முயலின் மூளையில் ஒட்டிய தோல் பிழைக்கவில்லை. எனவே படை உள்ளே நுழைய முடியாது என்பதன்று. முன்னரே பகைவனை அறிந்த படை நுழையும். அறியாத படைக்கு, இப்படி ஒரு பகைவன் உள்ளே இருக்கிறான் என்ற செய்தி சென்று சேருவதே அரிது. இந்த முயலின் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

செய்தி செல்லும் வழி ஒன்று மூளைக்கும் உண்டு என்பது அண்மையில்தான் உறுதிப்பட்டது. உடலெங்கும் ஓடும் நிணநீர்க் குழாய்கள் மூளைப் பகுதியில் இல்லை என்றே மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. 2015 இல் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் இரு குழுவினர், மூளையைப் போர்த்தியுள்ள உறையில் அக்குழாய்கள் இருப்பதைத் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். மூளையின் கழிவும், கிருமியின் துணுக்குகளும் அவ்வழியே கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. படைவீரர்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இத்தாலியரான பவுலோ மஸ்காஞ்ஞி என்ற உடற்கூற்று அறிஞர் 1787 இலேயே இக்குழாய்களைக் கண்டதாக எழுதியிருந்தார். பிற்காலத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இனி, கிருமி உள்ளே நுழைந்தபின் நடப்பதைப் பார்ப்போம்.

கிருமி புகுந்த அணு, தான் தாக்கப்பட்டதை உணர்ந்து ஒரு பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கிறது. 1957 இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இதனைக் கண்டுபிடித்து இண்டர்பெரான் என்று பெயரிட்டனர். எச்சரிக்கை பெற்ற அணுக்கள் தம் கதவுகளை இறுக்கிக்கொண்டு, கிருமி பெருகுவதற்கு வேண்டிய வேலைகளை நிறுத்தி வைக்கின்றன. மூளையிலுள்ள நரம்பணுக்களும் இதனைச் செய்ய வல்லவை. இரண்டாவதாக, மூளையிலேயே குடியிருக்கும் காவலணுக்கள் விழித்தெழுகின்றன. மைக்ரோகிளியா எனப்படும் இவற்றை ஸ்பெயின் நாட்டவரான டெல் ரியோ ஓர்டேகா 1919 இல் விவரித்தார். மூளையின் அணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவையே. அமைதிக் காலத்திலும் இவை சும்மா இருப்பதில்லை. கைகள் போன்ற மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கின்றன. பகைவனைக் கண்டதும் அவனைச் சூழ்ந்து விழுங்குகின்றன. சுவரின் காவலைத் தளர்த்தி வெளியிலுள்ள வெள்ளணுக்களை அழைக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. மூன்றாவதாக, நிணநீர்க் கணுக்களில் பயிற்சி பெற்ற வெள்ளணுக்களும், அவற்றுள் ஒருவகை உருவாக்கும் எதிர்ப்பொருள்களும் வந்து சேருகின்றன. முதன்முறையாக ஒரு கிருமியைச் சந்திக்கும் உடலுக்கு இந்த மூன்றாம் படையைத் திரட்ட ஒரு வாரம் அளவாகிறது.

இங்கேதான் எனக்குப் பெருவியப்பளித்த செய்தி வருகிறது. ஈரலில் கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் அந்த ஈரல் அணுவையே கொன்றுவிடும். கிருமியோடு வீடும் எரியும். ஆனால் ஈரல் புதிய அணுக்களை ஈன்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். நரம்பணுவோ அவ்வாறன்று. பெரும்பாலும் பிறவியில் பெற்றதுதான் ஆயுளுக்கும். பேச்சைத் தாங்கும் அணுக்களைக் கொன்று கிருமியை ஒழித்தால் பேச்சும் அதோடு போய்விடும். ஆகவே மூளைக்குள் நடக்கும் போருக்குத் தனி ஒழுங்கு உண்டு: வீட்டை எரிக்காமல் திருடனை வெளியேற்ற வேண்டும். இது நடக்கக்கூடியதே என்பதை 1991 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர்கள் காட்டினர். எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த எலிகளின் மூளையில் சிண்ட்பிஸ் என்ற வைரசைப் புகுத்தினார்கள். கிருமி நரம்பணுக்களில் நிலையாகத் தங்கிவிட்டது. பின்னர் அக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை மட்டும் செலுத்தினார்கள். கிருமி அடங்கி மறைந்தது, நரம்பணுக்கள் சாகவில்லை. நரம்பணுவை அழிக்காமலே, அதனுள் கிருமி பெருகுவதை எதிர்ப்பொருள் நிறுத்திவிட்டது. கிருமியின் சுவடுகள் மட்டும் நீண்ட நாள் எஞ்சியிருந்தன. அதனால்தான் இயல்பான உடலில் எதிர்ப்பொருளை உருவாக்கும் அணுக்கள், நோய் தீர்ந்தபின்னும் மூளைக்குள் நெடுங்காலம் காவலிருக்கின்றன.

ஆனால் எல்லா நேரமும் போர் இந்த ஒழுங்கில் நடப்பதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் மைக்ரோகிளியா அணுக்கள் வெறி கொண்டனபோல் சுரக்கும் பொருள்கள், கிருமி தொடாத நரம்பணுக்களையும் சேர்த்தே மடியச் செய்கின்றன. வெள்ளணுக்களோடு நீரும் உள்ளே கசிந்து மூளை வீங்குகிறது. காலில் வீக்கம் கண்டால் தோல் விரிந்து இடம் கொடுக்கும்; மண்டையோடு விரியாது. வீங்கிய மூளை தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. அச்சிறுவனுக்கு வந்த வலிப்பும் நினைவிழப்பும் பாதி கிருமியின் வேலை, பாதி அவனைக் காக்க வந்தவர்களின் வேலை. மூளையின் ஆழத்தில், அசைவுகளைச் சீர்செய்யும் பகுதிகளை இந்நோய் தேடிப் பிடிப்பதால்தான், பிழைத்த பிள்ளைகளுக்குக் கைநடுக்கமும், உணர்ச்சி காட்டாத முகமும் எஞ்சுகின்றன.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். வீக்கத்தை வற்றச் செய்யும் ஸ்டீராய்டு மருந்தைத் தாய்லாந்து நாட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 1992 இல் வெளிவந்தது, பயன் தெரியவில்லை. சரி, எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் என்ன? வியட்நாமில் 112 குழந்தைகளிடம் இண்டர்பெரான் மருந்தைச் சோதித்த ஆய்வு 2003 இல் வெளிவந்தது; அதிலும் பயனில்லை. ஆனால் தாய்லாந்திலிருந்து 1985 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் நிறைந்திருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தனர். எதிர்ப்பொருள் குறைந்து, நீரில் உயிருள்ள கிருமியே காணப்பட்டவர்கள் பெரும்பாலும் இறந்தனர். படையின் வலிமையைவிட, அது எப்போது வந்து சேர்ந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

தண்டுவட நீர் என்றவுடன் ஒரு சொல். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விளங்காமற் போகும் என்ற அச்சம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அச்சிறுவனின் தகப்பனாரும் அன்று முதலில் மறுத்தார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே, நீர் உள்ள இடத்தில். எந்தக் கிருமி என்று அறிய அந்தச் சில துளி நீரே பெரிதும் உதவும். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் மூளையைத் தாக்கியிருந்தால், 1980களில் நிலைபெற்ற அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. மருந்தில்லாத காலத்தில் நூற்றுக்கு எழுபது பேர் இறந்த அந்நோயில், இம்மருந்து இறப்பை முப்பதுக்கும் கீழே இறக்கியது. ஆனால் தாமதமின்றித் தொடங்க வேண்டும். காய்ச்சலோடு மயக்கமோ வலிப்போ பிதற்றலோ காணும் பிள்ளையை மந்திரிக்கவும் வேப்பிலை அடிக்கவும் கொண்டுபோய் ஒருநாளைக் கழிப்பவர்கள் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை.

எதிர்ப்பாற்றலே மூளைக்குப் பகையாவதற்கு நம் தலைமுறையினர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. எனக்குப் பத்து வயதில் தெருநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். ஒவ்வொரு நாளும் தந்தையின் மிதிவண்டியில் முன்கம்பியில் அமர்ந்து அழுதுகொண்டே சென்றது இன்றும் நினைவிருக்கிறது. அந்தத் தடுப்பு மருந்தை 1911 இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கினார். வெறிநாய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையையே கரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து ஊசியாகப் போட்டார்கள். எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் சிலருக்குச் சில நாட்களில் கைகால் முடங்கியது. சிலர் இறந்தும் போயினர். காரணம் கிருமியன்று. கிருமியோடு சேர்ந்து ஆட்டின் நரம்புறையும் உடலில் புகுந்தது. அதனைப் பகைப்பொருள் என்று கற்றுக்கொண்ட எதிர்ப்பாற்றல், அதனை ஒத்த நம் சொந்த நரம்புறையையும் தாக்கியது. படைக்குத் தவறான அடையாளம் கற்பிக்கப்பட்டுவிட்டது. நரம்புத் திசு கலவாத புதிய மருந்துகள் வந்தபின், இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தின் உற்பத்தி 2004 ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இன்று ஊசி தொப்புளில் இல்லை, கையில்தான், எண்ணிக்கையும் நான்கைந்துதான். அந்தப் பழைய பதினான்கின் அச்சத்தால் இன்றும் ஊசியைத் தவிர்ப்பவர்களைக் காணும்போது எனக்குச் சினமே வருகிறது.

படையை அறவே உள்ளே விடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிய வந்தது. எதிர்ப்பாற்றல் நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நோய்க்கு, வெள்ளணுக்கள் மூளைச் சுவரைக் கடக்காதபடி தடுக்கும் நாட்டாலிசுமாப் என்ற மருந்து 2004 இன் இறுதியில் அமெரிக்காவில் வந்தது. மூன்று மாதங்களில், 2005 இல், அது திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கும் மேற்பட்ட மனிதரின் உடலில் தொல்லை தராமல் உறங்கிக் கிடக்கும் ஜே.சி. என்ற வைரஸ், காவலர் வராத அந்த மூளைகளில் விழித்தெழுந்து சிலரைக் கொன்றது. 2006 இல் கடும் கட்டுப்பாடுகளோடு மருந்து மீண்டும் வந்தது. அந்த வைரஸ் தலைகாட்டியவர்களுக்கு மருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தால், வெளியே காத்திருந்த வெள்ளணுக்கள் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்து, அந்தப் பாய்ச்சலே மூளையை வீங்கச் செய்வதும் உண்டு. கதவை மூடினாலும் துன்பம், திறந்தாலும் துன்பம்.

வெறிநாய்க் கிருமியின் தந்திரமோ வேறு. அது இரத்தத்தில் ஊர்வதில்லை. கடிபட்ட இடத்து நரம்புக்குள் நுழைந்து, அந்த நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். அது புகுந்த நரம்பணுவைச் சிதைப்பதில்லை. இண்டர்பெரானின் எச்சரிக்கை மணியையும் ஒலிக்கவிடாமல் அடக்குகிறது. ஆகவே எதிர்ப்பாற்றல் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறுமி. 2004 செப்டம்பரில் ஒரு ஞாயிறு திருப்பலி வேளையில் ஆலயத்துக்குள் விழுந்த வௌவாலை இரக்கத்தோடு எடுத்து வெளியே விட முனைந்தபோது அது விரலைக் கடித்தது. காயம் சிறியதென்று ஊசி போடவில்லை. ஒரு மாதத்தில் நோய் கண்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது அவளுடைய உடலில் எதிர்ப்பொருள் தோன்றத் தொடங்கியிருந்தது. மருத்துவர்கள் அவளை மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, படை வந்து சேரும்வரை மூளையைக் காத்து நின்றார்கள். அவள் பிழைத்தாள். அதே முறையைப் பின்பற்றிய ஏனைய முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. ஆகவே யாரும் அதனை நம்பியிருக்க முடியாது. கடிபட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் புண்ணைக் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்கினால், கிருமி நரம்பில் ஏறுமுன் எதிர்ப்பொருள் அதனை வழியிலேயே சந்தித்துவிடும். ஆழ்ந்த கடியாயின், ஆயத்தமாக வடிக்கப்பட்ட எதிர்ப்பொருளையே புண்ணில் செலுத்துகிறார்கள்.

மெடாவரின் முயல் நினைவிருக்கிறதல்லவா? முன்னரே பகைவனை அறிந்த படை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி செய்வதும் இதுவே. நம் நாட்டில் 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் இது போடப்பட்டு வருகிறது. இப்போது அத்தகைய மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்தபின் ஒருமுறை, 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் முறை, அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் முன்னரே இருந்தால், கிருமி மூளைச் சுவரை அடைவதற்குள்ளேயே மடக்கப்படுகிறது. உள்ளே போர் நடக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி அந்தத் தாயின் இரண்டாம் கேள்வி. நல்ல உணவு பிள்ளைகளுக்கு வேண்டும். அதனை மறுப்பவர் இல்லை. ஆனால் 1945 இல் ஓக்கினாவாவிலும், 1950 இல் கொரியாவிலும் இந்நோய் அமெரிக்கப் படைவீரர்களைத் தாக்கியது. அவர்கள் சத்துக்குக் குறைவற்ற உணவு உண்ட இளைஞர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றே: அவர்களுடைய உடல் அதற்குமுன் இக்கிருமியைச் சந்தித்ததில்லை. ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சலைப் பற்றி 2007 இல் பாரிஸ் நகர அறிஞர்கள் மேலும் ஒன்றைக் கண்டனர். அந்நோய் கண்ட பிள்ளைகள் சிலருக்கு டி.எல்.ஆர்.3 என்ற ஒரேயொரு மரபணுவில் பிறவிக் குறை இருந்தது. மூளையில் இண்டர்பெரான் சுரப்பதற்கான கட்டளை அவ்வழியே செல்கிறது. அப்பிள்ளைகள் மற்றபடி நல்ல உடல்நலத்தோடு வளர்ந்தவர்கள்; வேறு கிருமிகளை எளிதில் வென்றவர்கள். அந்த ஒரு கிருமி, மூளை என்ற அந்த ஓரிடம், அங்கே மட்டும் ஒரு கதவு தாழிடப்படாமல் இருந்தது. எந்தத் தாயும் சோற்றிலோ பாலிலோ கலந்து கொடுத்துச் சரிசெய்திருக்கக்கூடியதன்று அது.

சென்ற ஆண்டு அந்தக் கிளைக் கிராமத்துத் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். அச்சிறுவன் பிழைத்தான், இன்று முப்பதைக் கடந்துவிட்டான். வலக்கை நடுங்கும், பேச்சு சற்று இழுக்கும். தங்கையின் கைக்குழந்தையை இடக்கையில் ஏந்தியபடி திண்ணையில் அமர்ந்திருந்தான். குழந்தைக்கு இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று என்று அவனே சொன்னான். தாய்க்குத் தலை நரைத்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் இயன்றவரை எளிமையாக அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ சோத்துல குறை இல்லியா, சாமி?"

"இல்லை, அம்மா."

சற்று நேரம் மகனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.